கூடைக்காரன் படத்தில் அம்மா வெட்டிய இடம்

அந்த அறிக்கையில் என் அம்மாவைச் ‘சேதம்’ என்று எழுதியிருந்தார்கள்.

பெயர் போட்டு எழுதவில்லை. பெயர் அவர்களுக்குத் தெரியாது. ‘ஆறாவது சுருளில் ஏறக்குறைய மூன்று நிமிடக் காட்சி இல்லை. தோட்டத்தில் பயிற்சியில்லாதவர்கள் படத்தைக் கையாண்டபோது கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம்’ என்று ஒரு வரி. ஈப்போ பழைய பட்டணத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து அதை இரண்டு முறை வாசித்தேன். கவனக்குறைவாம்! என் அம்மா தன் வாழ்நாளில் அதைவிடக் கவனமாக எதையும் செய்ததில்லை. சோறு வடிக்கும்போதுகூட அவ்வளவு கவனம் இருந்ததில்லை. பாதி நாள் குழைந்துதான் போகும்.

தோட்டத்தில் படம் ஓட்டியவரின் மகள் என்று விசாரித்து என்னைத் தேடி வந்த இரண்டு பேர் எதிரில் இருந்தார்கள். ஒருவர் கோலாலம்பூரிலிருந்து வந்த ஆய்வாளர். நம் தமிழ்ப் பிள்ளைதான், முப்பது வயதுக்குள் இருக்கும், தம்பி என்றே கூப்பிட்டேன், பழைய படங்களைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. இன்னொருவர் ஏதென்ஸிலிருந்து வந்த பெண். கெட்டுப்போன படச்சுருளைக் கழுவி, ஒட்டி, மறுபடியும் ஓட வைக்கிறவர். அறிக்கை இருவரும் சேர்ந்து எழுதியது. அவர்கள் நாட்டில் பாட்டுகளோடு எடுத்த ஆரம்ப காலப் படங்களில் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது என்று எல்லாரும் கைகழுவி விட்டிருந்தார்கள். அதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பிரதி எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கிடைத்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அங்கேதான் கிடைத்தது.

தோட்டம் இப்போது இல்லை. தஞ்சோங் ரம்புத்தான் தாண்டி உள்ளே போனால், முதலில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையை வெட்டி வரிசை வீடு கட்டினார்கள். கோயிலையும் நகர்த்தச் சொல்லிவிட்டார்கள். சாமான் அறையைக் காலி செய்தபோது, பந்தல் துணிகளுக்கும் ஒடிந்த குத்துவிளக்குக்கும் பின்னால் எட்டுத் தகர டப்பாக்கள் இருந்தன. அறை என்று சொல்கிறேனே தவிர, அது சுண்ணாம்பு மலைக்குள் போகும் ஒரு பொந்து. மத்தியானத்திலும் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சிதான் படத்தைக் காப்பாற்றியது என்று ஏதென்ஸ் பெண் சொன்னார்.

அந்தப் படம் எங்களிடம் வந்த கதை பெரியதல்ல. ஈப்போவில் வேன் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் படம் காட்டிய சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், பினாங்கில் ஒரு கிடங்கிலிருந்து பழைய சுருள்களை மொத்தமாக அள்ளி வந்தார். அதில் இது கலந்திருந்தது. டப்பாவின் மேல் எழுதியிருந்ததை யாராலும் வாசிக்க முடியவில்லை. படத்தில் எல்லாரும் வாயைத் திறந்து பாடுகிறார்கள், சத்தம் மட்டும் வராது. அந்தக் காலத்தில் பாட்டைத் தனியாக இசைத்தட்டில் பதிந்து, படத்தோடு சேர்த்து ஓட்டுவார்களாம். எங்களிடம் வந்தது படம் மட்டும். தட்டுகள் எந்தத் துறைமுகத்தில் தங்கிப்போயினவோ. தவுக்கே தொழிலை விட்டபோது பழைய புரொஜெக்டரையும் இந்த ஒரு படத்தையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

கிரேக்கப் படம் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைக் கூடைக்காரன் படம் என்போம். வருடா வருடம் திருவிழா மூன்றாம் நாள், பொழுது சாய்ந்ததும், திடலில் வெள்ளைத்துணி கட்டி அதைத்தான் போடுவார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும் என் அப்பாதான் அன்று படம் ஓட்டுகிறவர். ஓட்டுவது மட்டுமா? புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையில் வாயசைக்கிற எல்லாருக்கும் தமிழில் பேசுவார். கதாநாயகிக்குக் கீச்சுக்குரல், பணக்காரனுக்குத் தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு. பாட்டு வரும் இடத்தில் தன் இஷ்டத்துக்கு மெட்டுப் போட்டு ஏதாவது பாடுவார். அந்தப் படத்துக்கு வாய் என் அப்பாதான்.

கதை இதுதான். சந்தையில் முதுகில் கூடை கட்டி மூட்டை சுமக்கிற ஒருவன். வியாபாரி ஒருவரின் மகளுக்கு அவன்மேல் ஆசை. வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போகிறது, கூடைக்காரன்மேல் பழி விழுகிறது. அவன் வியாபாரி முன்னால் முட்டி போடுகிறான். முட்டி போட்டபடியே வெகுநேரம் வாயசைக்கிறான். பிறகு எழுந்து நிற்கிறான், உண்மைத் திருடன் மாட்டுகிறான், கல்யாணம். முட்டி போடும் இடத்தில் அப்பா குரலைத் தாழ்த்தி, “எசமான், மன்னிச்சிடுங்க எசமான், தெரியாம செஞ்சிட்டேன்” என்று கெஞ்சுவார். அப்படி ஒரு கெஞ்சல்! திடலில் பாதிப் பேர் மூக்கைச் சிந்துவார்கள். எனக்கும் கண்ணீர் வரும். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி வரும்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாகப் பால்காட்டுக்குப் போயிருந்தேன். பால் வடிய மரத்தில் கட்டியிருக்கும் மங்குகளைத் துடைத்து வைப்பது என் வேலை. வெட்டு முடிந்து அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வந்தாள். அன்றைக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையும் வந்து வராந்தாவில் நின்றிருந்தார். கணக்கெழுதும் கிராணி, அம்மாவின் வாளிக்குள் பாலின் அடர்த்தி அளக்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தார். “தண்ணி கலந்திருக்கு” என்றார்.

அம்மா இல்லை என்றாள். கிராணி தொரையைப் பார்த்தார். தொரை தரையைக் காட்டினார். அவ்வளவுதான். செம்மண் சரளையில் அம்மா முட்டி போட்டாள்.

நான் லாரிப் பக்கம் நின்றிருந்தேன். பால் ஏற்றுகிற லாரி, என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அவள் வாய் அசைந்தது. நிறுத்தாமல் அசைந்தது. நாற்பது ஐம்பது பேர் வாளியோடு வரிசையில் நின்றார்கள், ஒருவரும் நகரவில்லை. கடைசியில் தொரை உள்ளே போனார், அம்மா எழுந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முட்டி போட்டவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் வருடா வருடம் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தாரே. மன்னிச்சிடுங்க எசமான். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. தொரைமேல் வரவேண்டிய கோபம், கிராணிமேல் வரவேண்டிய கோபம் எல்லாம் சேர்ந்து அம்மாமேல் வந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் வந்ததை வரவில்லை என்று சொல்லமாட்டேன்.

அடுத்த வாரமே அம்மாவை மேட்டுக்காட்டு மரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். செங்குத்தான இடம், வயசான மரங்கள், பால் சொட்டாது. வாளி தூக்கி இறங்கினால் கால் வழுக்கும். இரண்டு வருடம் அங்கேதான் வெட்டினாள். ஏன் மாற்றினார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இந்த வயது வரை யோசிக்கவில்லை. அதுதான் என் முட்டாள்தனம்.

அந்த மாதமே திருவிழா வந்தது. மூன்றாம் நாள் படம். கூடைக்காரன் வியாபாரி முன்னால் போய் நின்றான், முட்டி போட்டான். அப்பா வழக்கம்போல “எசமான், மன்னிச்சிடுங்க” என்று ஆரம்பித்தார். பாதியில் அவரே வசனத்தை விட்டுவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் முதுகில் விழ, திரையில் பாதி மறைந்தது.

“நிறுத்துங்க” என்றாள். “எந்திரிக்கச் சொல்லுங்க அவன.”

அப்பா, “படம்லா இது. நான் சொன்னா எந்திரிப்பானா?” என்றார்.

“செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு கேக்குறான்? எந்திரிக்கச் சொல்லுங்க!”

அப்பா நிறுத்திவிட்டார். நின்ற இடத்தில் படம் கருகிவிடும் என்று விளக்கையும் அணைத்துவிட்டார். அன்றைக்குக் கல்யாணம் நடக்காமலே எல்லாரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பினோம்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குள் சண்டை. படத்தில் கை வைப்பது பாவம் என்றார் அப்பா. நம்பிக் கொடுத்த பொருள், அடுத்தவன் உழைப்பு என்றார். அம்மா ஆறாவது டப்பாவைத் திறந்து, பாயில் வைத்து, சுருளைக் கை கையாக உருவினாள். சின்னச் சின்னக் கட்டங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முட்டி மடங்குவதற்கு முந்தின கட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பால்வெட்டும் கத்தியை எடுத்தாள். அவசரமில்லாமல், பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் படாமல் வெட்டுகிற அதே கையால், நேராக ஒரு வெட்டு. பிறகு அவன் எழுந்து நிற்கும் கட்டத்தில் இன்னொரு வெட்டு. நடுவில் இருந்ததைச் சுருட்டினால் ஒரு சின்னத் தோசை அளவு வந்தது. இரண்டு முனைகளையும் ஒட்டப் படப்பசை இல்லை. அம்மா ஒரு மங்கில் ரப்பர் பால் கொண்டுவந்தாள். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பா, அப்போதுதான் வந்து உட்கார்ந்து, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சமா தடவு” என்றார். சமாதானம் அவ்வளவுதான்.

அடுத்த வருடம் படம் அந்த இடத்துக்கு வந்தபோது ஒரு தாவு தாவியது. வியாபாரி முன்னால் நின்ற கூடைக்காரன் நின்றபடியே நின்றான், திருடன் மாட்டினான், கல்யாணம். ஒரு கணம் திடல் விழித்தது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது பாருங்கள்! அம்மனுக்குப் போடாத குலவை. அதற்குப் பிறகு படத்தில் அந்தத் தாவல்தான் எங்களுக்கு முக்கியம். அதற்காகவே காத்திருப்போம். அந்த இடம் வந்ததும் ஆண்கள் விசில், பெண்கள் குலவை. தொரை பங்களாவில் கேட்டிருக்கும். என்ன என்று அவருக்குப் புரிந்திருக்காது.

வெட்டிய துண்டை அம்மா எறியவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். தோட்டத்தை விட்டு நாங்கள் ஈப்போ பக்கம் சிலிபினுக்கு வந்தபோது அந்த டின்னும் வந்தது. அம்மா போன பிறகு என் வீட்டுக்கு வந்தது. கடைசிக் காலத்தில் ஒருநாள் அவளிடம் துணிந்து கேட்டேன், அன்றைக்குப் பால் கொட்டகையில் தொரையிடம் என்ன சொன்னாய் என்று. “கேக்க வேண்டியவனுக்குக் கேட்டுச்சு” என்றாள். மேலே கேட்காதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

இவ்வளவும் மனத்தில் ஓட, கோப்பிக் கடையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதென்ஸ் பெண் கணினியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஆறாவது சுருளில் ஒட்டுப்போட்ட இடம். பழுப்பாக ஒரு கறை. “இந்தப் பசையை நான் இதற்குமுன் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரப்பர் பால்” என்றேன். “என் அம்மா தடவியது. அது சேதமில்லை. வெட்டியது.”

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பிஸ்கட் டின்னைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்டுவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். “ஆன்ட்டி, நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா அறிக்கையில மாத்தி எழுத ஆதாரம் வேணும்லா. தானா அறுந்து, அப்புறம் பால் வச்சு ஒட்டினாங்கன்னும் சொல்லலாம். அந்தத் துண்டு இருந்தா வேற கதை. முனைய முனையோட வச்சுப் பார்த்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும்.”

“துண்டு கெடைச்சா என்னா செய்வீங்க?”

“சேர்த்திடுவோம். படம் முழுசாயிடும். அதுக்குத்தான ஆன்ட்டி இவ்ளோ பாடு!”

அலாமாக், மாட்டிக்கொண்டேன். டின்னைக் கொடுத்தால் அம்மா வேண்டுமென்றே வெட்டினாள் என்பது நிரூபணமாகும். ஆனால் அவள் எழுப்பி நிறுத்தியவனை மறுபடியும் மண்ணில் முட்டி போட வைத்துவிடுவார்கள், அதுவும் ஊர் ஊராக. கொடுக்காவிட்டால் அவன் நின்றபடி இருப்பான். அம்மா ‘கவனக்குறைவு’ ஆகிவிடுவாள்.

நான் முப்பது வருடத்துக்குமேல் நர்ஸாக வேலை பார்த்தவள். எழுத்தில் ஏறியது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வார்டில் ஒரு பெண் ஊசி வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டால், ‘ஒத்துழைக்க மறுத்தார்’ என்று எழுதுவோம். ஏன் மறுத்தாள் என்று எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் அதை வாசித்துவிட்டு, அந்தப் பெண்ணை முறைப்பாக நடத்துவாள். நானே எழுதியிருக்கிறேன். நான் எழுதியதை எல்லாம் இப்போது போய் அழிக்க முடியாது. ஆனால் என் அம்மாவைப் பற்றி இவர்கள் எங்கேயோ உட்கார்ந்து எழுதியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

“அந்தக் காட்சி இல்லாட்டி படத்துக்கு என்னா கொறைஞ்சு போச்சு?” என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஏதென்ஸ் பெண் கோபப்படவில்லை. “படத்திலேயே நல்ல பாட்டு அங்கேதான் இருக்கிறது” என்றார். பாட்டுத் தட்டுகள் எல்லாம் அவர்கள் ஊரில் ஒரு வீட்டு அலமாரியில் கிடைத்துவிட்டதாகவும், ஒவ்வொரு தட்டையும் உதட்டசைவோடு பொருத்தி முடித்துவிட்டதாகவும், ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் படம் இல்லை என்றும் சொன்னார். “கேட்கிறீர்களா?”

கணினியிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது, மழை தூறுவதுபோல. பிறகு ஒரு ஆண் குரல். சின்ன வயதில் வருடா வருடம் பார்த்த கூடைக்காரனின் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். அப்பா கொடுத்த குரல்போல அது குழையவில்லை. கட்டையான குரல். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரே வார்த்தைகள் திரும்ப வந்தன, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட உரக்க.

“மன்னிப்புக் கேட்கிறவன் இப்படியா கத்துவான்?” என்றேன்.

அந்தப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அவன் எங்கே மன்னிப்புக் கேட்கிறான்? என்னை முட்டி போட வைத்துவிட்டாய், என் வாயை என்ன செய்வாய் என்று கேட்கிறான். நான் எடுக்கவில்லை. அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நான் எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை.”

இன்னொரு முறை போடச் சொன்னேன்.

அப்பா! அட, அப்பா! சத்தமில்லாத படத்தைப் பார்த்து, முட்டி போட்டிருக்கிறான், ஆகவே கெஞ்சுகிறான் என்று அவராகவே முடிவு கட்டி, வருடா வருடம் அந்த மனுஷன் வாயில் இல்லாத மன்னிப்பைத் திணித்திருக்கிறார். குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் முட்டி போட்டவர்கள் வேறு எதையும் சொல்லி அவர் கேட்டதில்லை. நானும் அதையே எடுத்து அம்மாவின் வாயில் வைத்தேன்.

என்ஜின் உறுமல். அசைந்துகொண்டே இருந்த உதடு. மேட்டுக்காட்டு மரங்கள். அந்தக் கோப்பிக் கடை நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது: கெஞ்சியிருந்தால் விட்டிருப்பார்களே! மன்னிப்புக் கேட்டவளை எதற்கு இரண்டு வருடம் மேட்டுக்கு அனுப்பவேண்டும்? செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு என்று திடலில் எழுந்து நின்று கேட்டாளே, அப்போதே சொல்லிவிட்டாளே. அறுபது வருடமாக எனக்குத்தான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். அழுகை வந்துவிட்டது. தம்பி பதறிப்போய், “ஆன்ட்டி, ஏதாவது தப்பா பேசிட்டமா?” என்றார்.

“நாளைக்கு இதே எடத்துக்கு வாங்க” என்றேன். “வாரேன்.”

மறுநாள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் போனேன். மேசைமேல் வைத்துத் திறந்ததும் ஏதென்ஸ் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஓரமெல்லாம் பழுத்து, கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் ஆள் தெரிந்தான். இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அடுப்புக்குமேல் பலகையில் என்றேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பழைய படச்சுருள் வெடிமருந்துபோலப் பற்றுமாம், தண்ணீருக்குள்ளும் எரியுமாம். நான் அதன்கீழேதான் தினமும் சாம்பார் தாளித்திருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒருவர் சிகரெட்டை எடுத்ததும் அந்தப் பெண் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் டின்னின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். “முதல்ல எழுதுங்க” என்றேன்.

தம்பி சிரித்தார். “எழுதிடலாம் ஆன்ட்டி. போலே லா” என்று மலாயிலும் ‘முடியும்’ என்றார்.

“போலே எல்லாம் வேணாம். இப்ப, எனக்கு முன்னால.”

எழுதினார். ‘இக்காட்சி தோட்டத்தில் நீக்கப்பட்டது’ என்று தட்டினார். நீக்கப்பட்டது என்றால் யார் நீக்கினது, காற்றா? வெட்டினார் என்று போடச் சொன்னேன். யார் என்று போடச் சொன்னேன். ‘வேண்டுமென்றே’ என்ற வார்த்தை இல்லாமல் டின்னை விடமாட்டேன் என்றேன். அது அறிக்கை மொழி இல்லை என்று இழுத்தார். கவனக்குறைவு மட்டும் அறிக்கை மொழியா என்று கேட்டேன். அந்த வார்த்தையையும் சேர்த்துத் தட்டினார். கடைசியாக இன்னொன்றும் எழுதி வாங்கினேன்: இந்த மூன்று நிமிடத்தை அந்தப் பாட்டு இல்லாமல் எங்கேயும் காட்டக்கூடாது. குரல் இல்லாமல் அவனை முட்டி போட வைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது. ஏதென்ஸ் பெண் அதற்கு உடனே தலையாட்டினார். அப்புறம்தான் கையை எடுத்தேன்.

அவர் அங்கேயே கையுறை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியில் முனையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எவ்வளவு சுத்தமான வெட்டு” என்றார். அம்மாவுக்குக் கேட்டிருந்தால் பிடித்திருக்கும்.

சில மாதம் கழித்து ஈப்போவில் ஒரு மண்டபத்தில் படம் போட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் சிலிபினிலிருந்தும் லூமுட்டிலிருந்தும் பிள்ளைகளின் காரில் வந்து இறங்கினார்கள். முன்வரிசையில் கோட்டுப் போட்டவர்கள், பின்வரிசையில் நாங்கள். படம் ஆரம்பிக்குமுன் திரையில் எழுத்து வந்தது: ‘ஆறாவது சுருளில் உள்ள பாட்டுக் காட்சியை, பேராக் ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டிய ஒரு பெண் வேண்டுமென்றே வெட்டி எடுத்தார். அவரே அதைக் காப்பாற்றியும் வைத்தார்.’ பின்வரிசையில் கைதட்டல். என் தோளில் யாரோ குத்தினார்கள்.

ஆறாவது சுருள் வந்தது. கூடைக்காரன் வியாபாரி முன்னால் போய் நின்றான். எனக்கு இரண்டு பக்கமும் பெண்கள் குலவைக்கு நாக்கைத் தயார் செய்வது தெரிந்தது. தாவல் வரவில்லை. அவன் முட்டி போட்டான். பின்னாலிருந்து ஒரு கிழவர், “டேய், எந்திரிடா!” என்று அதட்டினார். யாரோ என்னைத் திரும்பிப் பார்த்து, “என்னாக்கா இது, அம்மா வெட்டினத மறுபடி ஒட்டிட்டியா?” என்றார்.

அப்போது குரல் எழுந்தது. கட்டையான, குழையாத குரல். திரையின் அடியில் தமிழில் வரி ஓடியது: நான் எடுக்கவில்லை. இரண்டாம் முறை, நான் எடுக்கவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பால் கொட்டகையில் வாளியோடு வரிசையில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. கூடைக்காரனுக்காவது ஓர் இசைத்தட்டு கிடைத்தது. அம்மாவின் குரலை எந்த அலமாரியில் போய்த் தேடுவது?

எழுந்து நின்றேன். முட்டி வலித்தது, இருந்தாலும் நின்றேன்.

“நான் தண்ணி கலக்கல” என்றேன்.

முன்வரிசையில் யாரோ திரும்பி, “ஷ்ஷ்” என்றார்கள்.

இன்னும் உரக்கச் சொன்னேன்.